பெட்டிக்குள் ஆறு எழுத்துகள்

கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்தத் தாளை எடுத்தாலும் கீழே வலது மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டம். பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாளில் என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்கும் முன்பே என் கண் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். யாருக்கு மேலே யார் என்பது அங்கே தெரிந்துவிடும். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து படிக்கட்டின் ஒவ்வொரு படியையும் வரைந்தவளின் எழுத்து முதல் கட்டத்தில் இருக்கும். கட்டடம் பத்திரிகையில் வரும்போது மூன்றாவது கட்டத்துக்காரர் பெயர் மட்டும் வரும்.

அந்தப் பழக்கத்தோடுதான் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷின் பூ வரைபடங்களையும் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அவர். 1868இல் பிறந்து 1928இல் இறந்தவர். நாற்காலி, கடிகாரம், முள்கரண்டி, விளக்கு, துணி அச்சு என்று கைபடாத பொருளே இல்லை என்னும்படி வேலை செய்தவர். 1914 கோடையில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள வால்பர்ஸ்விக் என்ற கிராமத்துக்குப் போய்த் தங்கி, ஓராண்டு காலம் பூக்களையும் செடிகளையும் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தார். 1915இல் வரைந்த ஃபிரிட்டிலேரியா அவற்றில் புகழ்பெற்றது. மணிபோலத் தலைகவிழ்ந்து தொங்கும் பூ அது. இதழ் முழுக்கச் சதுரங்கப் பலகைபோல இயற்கையாகவே கட்டங்கள் ஓடும். தன் நாற்காலிகளின் முதுகில் எத்தனையோ வருடங்கள் அவர் வெட்டிய சதுரங்களை ஒரு பூ தானாகவே வைத்திருந்ததைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்! ஒவ்வொரு கட்டத்தையும் விடாமல் வரைந்திருக்கிறார்.

அந்தத் தாளிலும் ஒரு பெட்டி இருக்கிறது. செடியின் பெயர், ஊர், ஆண்டு. அவற்றோடு ஆறு எழுத்துகள்: சி.ஆர்.எம்., எம்.எம்.எம். முதல் மூன்றும் அவருடையவை. அடுத்த மூன்றும் மார்கரெட் மெக்டொனால்ட் மெக்கின்டாஷ் என்ற அவருடைய மனைவியின் பெயர். அவரும் ஓவியர், கைவினைக் கலைஞர், கணவரைவிட நான்கு வயது மூத்தவர்.

உடனிருந்தவர்களின் பெயரெழுத்துகளைத் தாளில் குறித்து வைப்பது மெக்கின்டாஷின் வழக்கம், வரைந்தது அவர்தான் என்று வல்லுநர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கும் அதில் பெரிய சந்தேகம் இல்லை. கோட்டின் நடை அவருடையதுதான். இளவயதில் இத்தாலியிலும், பிறகு இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் அவர் நிரப்பிய குறிப்பேடுகளில் இதே நடை உண்டு. ஒரே தாளில் ஒரு தேவாலயத்தின் முகப்பு, அதன் மேலேயே தரைப்படம், ஓரத்தில் ஒரு கதவின் இரும்புப் பட்டை. ஒன்றின் கோடு இன்னொன்றை ஊடுருவிப் போகும். பூக்களிலும் அப்படித்தான், இலைக்குப் பின்னால் மறைய வேண்டிய தண்டு மறையாது. கண்ணாடியால் செய்த செடிபோல எல்லாம் தெரியும். கட்டடத்தை உள்ளும் புறமுமாக யோசித்துப் பழகியவரின் கை அது.

ஆனால் பெட்டியைப் பற்றிய கேள்வி அதோடு தீரவில்லை. உடனிருந்தவர் என்றால் என்ன பொருள்?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கட்டடக்கலை வரலாற்று வகுப்பில் ஹில் ஹவுஸைக் காட்டினார்கள். கிளாஸ்கோவுக்கு அருகில் ஹெலன்ஸ்பரோவில், பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காக 1902 முதல் 1904 வரை மெக்கின்டாஷ் கட்டிய வீடு. (அதன் சுவர்கள் நூறாண்டுகளாக மழையைக் குடித்து ஊறிப்போனதால், 2019 முதல் வீடு முழுவதையும் இரும்பு வலைப் பெட்டி ஒன்றுக்குள் நிறுத்தி உலரவைத்திருக்கிறார்கள். மேதைகளின் வீடும் ஒழுகும்.) வெள்ளைப் படுக்கையறை, அதில் கறுப்பு ஏணிபோன்ற ஒரு நாற்காலி. எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த தோழி, "சார், அந்தத் துணி வேலைப்பாடெல்லாம் யார் செய்தது?" என்று கேட்டாள். "அதுவா, அவர் வொய்ஃப்" என்றார் ஆசிரியர். வகுப்பில் சிரிப்பு. அடுத்த படம் வந்துவிட்டது. பெயர்கூடச் சொல்லவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நானும்தான் சிரித்தேன்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மார்கரெட்டும் தங்கை ஃபிரான்செஸும் 1890 வாக்கில் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் பகல்நேர மாணவிகளாகச் சேர்ந்தார்கள். மெக்கின்டாஷும் அவர் நண்பர் ஹெர்பர்ட் மெக்நேரும் பகலில் ஹனிமன் - கெப்பி என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருபவர்கள். இவர்கள் நால்வரின் வேலைகளும் ஒன்றுபோல இருப்பதைக் கவனித்து அறிமுகம் செய்துவைத்தவர் பள்ளியின் தலைவர் ஃபிரான்சிஸ் நியூபெரி. அவர் மனைவி ஜெஸ்ஸி நியூபெரி அங்கே பூத்தையல் வகுப்பை நடத்தினார். துணியை வட்டமாக வெட்டி, மடித்துத் தைத்து அவர் உருவாக்கிய ரோஜாதான் பிறகு 'கிளாஸ்கோ ரோஜா' ஆயிற்று. இன்று கிளாஸ்கோவில் காதணி, சாவிக்கொத்து, தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் அந்த ரோஜாதான். வாங்குகிறவர்கள் அதை மெக்கின்டாஷ் ரோஜா என்கிறார்கள்.

நால்வரில் இருவருக்குக் கட்டடக்கலை அலுவலகம், இருவருக்கு ஓவியமும் கைவினையும் என்று பிரிந்ததை ரசனையின் விளைவாகப் பார்க்கக்கூடாது. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனம் முதல் பெண்ணை உறுப்பினராகச் சேர்த்ததே 1898இல்தான். எத்தெல் சார்ல்ஸ் என்பவர் அவர். சகோதரிகள் படிப்பை முடித்து, 1896இல் கிளாஸ்கோவின் ஹோப் தெருவில் சொந்தப் பட்டறை திறந்தபோது அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. திறந்திருந்த அறைக்கு அலங்காரக் கலை என்று பெயர். அங்கே போய் உலோகத்தகடு தட்டினார்கள், சுவரொட்டி வரைந்தார்கள், துணியில் தைத்தார்கள். அவர்கள் வரைந்த பெண்கள் நெட்டையாக, ஒடுங்கி, யாரையும் மகிழ்விக்கும் எண்ணமில்லாமல் நின்றதைப் பார்த்துப் பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் கூட்டத்துக்குப் 'பேய்ப் பள்ளி' என்று பட்டம் கிடைத்தது.

மார்கரெட்டும் மெக்கின்டாஷும் 1900 ஆகஸ்டில் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டில் கேட் கிரான்ஸ்டனின் இங்க்ரம் தெருத் தேநீர்க்கூடத்துக்காக இரண்டு பெரிய சுவர்ப் பலகைகள் செய்தார்கள். இவர்களைப் பற்றி எழுதும் யாரும் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். ஏறக்குறைய ஒரே அளவு. ஒவ்வொன்றும் நான்கரை மீட்டர் நீளம். ஒரே அறைக்கு, எதிரெதிர்ச் சுவர்களுக்கு. 'தி வசைல்' அவருடையது, 'தி மே குவீன்' மார்கரெட்டுடையது. ஒன்றை மார்கரெட் செய்கிறார், மற்றதை நான் செய்கிறேன், சேர்ந்து செய்வதால் வேலை இனிமையாகப் போகிறது என்று மெக்கின்டாஷே ஒரு ஜெர்மானிய நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

செய்முறை மார்கரெட்டின் கைவந்த ஜெஸ்ஸோ. சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் சுண்ணமும் பசையும் கலந்த கூழைத் தடவி, காயக் காயக் கோடு எழுப்புவது. சில கோடுகளைக் கேக்கின்மேல் க்ரீம் பிழிவதுபோலப் பிழிந்தே இட்டிருக்கிறார். 'மே குவீன்' பலகையில் சணல் கயிற்றையே கோடாகப் பதித்திருக்கிறார். நூல், கண்ணாடி மணி, சிப்பி, தகரத்தாள் எல்லாம் உண்டு. சாக்கின் பழுப்பைப் பல இடங்களில் மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார். விலை மலிந்த பொருளும் மினுங்கும் பொருளும் ஒரே பரப்பில் கூச்சமில்லாமல் இருக்கின்றன. நடுவில் அரசி, இருபுறமும் பெண்கள் கயிற்றையும் மாலையையும் பிடித்து நிற்கிறார்கள். அவர்கள் உடம்பைக் காட்டும் கோடும், மாலையைக் காட்டும் கோடும் ஒரே கயிறுதான். எங்கே பெண் முடிந்து எங்கே மாலை தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். 'வசைல்' அழகான பலகை. ஆனால் அங்கே உருவங்கள் கோலமாக ஒழுங்காகிவிடுகின்றன, பொருளின் முரட்டுத்தனம் தெரியவில்லை. என்னைக் கேட்டால் அந்த அறையின் சிறந்த சுவர் மார்கரெட்டின் சுவர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1903இல், சாக்கிஹால் தெருவில் வில்லோ தேநீர்க்கூடம் திறந்தது. மாடியில் வெள்ளியும் ஊதாவுமாக ஓர் அறை; உயர முதுகுள்ள வெள்ளி நாற்காலிகள்; கண்ணாடிப் பதித்த கதவுகள். அந்த அறையில் தேநீருக்கு ஒரு பென்னி அதிகம் வாங்கினார்களாம். அங்கே சுவரில் இருந்தது ரோசெட்டியின் கவிதையிலிருந்து பெயரெடுத்து மார்கரெட் செய்த இன்னொரு ஜெஸ்ஸோ. நீண்ட முட்டை வடிவங்களுக்குள் மூன்று பெண் முகங்கள், மழைத்துளிபோல இறங்கும் மணிகள், இழந்தவர்களின் காடு. கேளிக்கைக்கு வந்து கேக் சாப்பிடுகிறவர்கள் எதிரே துக்கத்தை மாட்டி வைத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கேட் கிரான்ஸ்டனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். 1849இல் பிறந்த இந்தப் பெண்மணி திருமணத்துக்குப் பிறகும் தன் சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தியவர். பெண்கள் துணைக்கு ஆணில்லாமல் நகரத்துக்குள் வந்து உட்கார, சாப்பிட, மூச்சுவிட இடமில்லாத காலத்தில் அப்படி நான்கு இடங்களைக் கொடுத்தவர். இருபது ஆண்டுகள் விடாமல் மெக்கின்டாஷுக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். கட்டடக்கலை வரலாற்றில் இவரை 'ஆதரவாளர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உட்கார இடமில்லாத பெண்களுக்காக ஒருத்தி கேட்டதால்தான் அந்த நாற்காலிகள் பிறந்தன என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இனி விமர்சகர்களிடம் வருவோம். கிளாஸ்கோ கலைப்பள்ளிக் கட்டடத்தை 1897க்கும் 1909க்கும் இடையில் இரண்டு கட்டமாகக் கட்டினார்கள். வரைந்தவர் மெக்கின்டாஷ். ஆனால் முதல் பகுதி 1899இல் திறந்தபோது அதிகாரபூர்வப் பெயர் நிறுவனத்தினுடையது. அவர் அப்போது பங்குதாரர்கூட இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்த இளைஞர். அதாவது பெட்டியின் முதல் கட்டத்தில் நின்றுபோன எழுத்து அவருடையது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் என்ன செய்தார்கள்? தாள்களைத் தேடினார்கள், கோட்டின் நடையைப் பார்த்தார்கள், சக ஊழியர்களிடம் கேட்டார்கள், முதலாளிகளின் பெயருக்குப் பின்னாலிருந்து அவரை மீட்டார்கள். மிகச் சரியான வேலை. கையொப்பம் வேறு, கை வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆட்கள் மார்கரெட்டிடம் வந்ததும் அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டார்கள். 1952இல் தாமஸ் ஹோவர்த் எழுதிய பெரிய நூல்தான் மெக்கின்டாஷை நவீனக் கட்டடக்கலையின் முன்னோடியாக உலகத்துக்குக் காட்டியது. அதில் மார்கரெட் ஒரு தளையாக வருகிறார். கணவரைத் தையலும் மணியுமான சின்ன உலகத்துக்குள் பிடித்து வைத்தவர். அந்தத் தலைமுறைக்கு இந்த வாதம் தேவைப்பட்டது. மெக்கின்டாஷ் நவீனத்துவத்தின் தந்தை என்றால் அவரிடம் அலங்காரம் இருக்கக்கூடாது. இருந்துவிட்டால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். பிடித்த வெறுமையான சுவர் அவருடையது, பிடிக்காத ரோஜா மனைவியுடையது. பொறுப்பைப் பிரிப்பதில் இத்தனை தெளிவு இருந்த அவர்களுக்குப் புகழைப் பிரிக்கும்போது கணக்கு மறந்துவிட்டது.

இதைத் திருத்தும் வேலையைப் பெண் ஆய்வாளர்கள் செய்தார்கள். 1990இல் ஜூட் பர்க்ஹாசர் கிளாஸ்கோ பெண் கலைஞர்களுக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தார். சகோதரிகளின் பட்டறைகளைப் பற்றி ஜானிஸ் ஹெலாண்ட் நூல் எழுதினார். 2008இல் மார்கரெட்டின் 'வெள்ளை ரோஜாவும் சிவப்பு ரோஜாவும்' பலகை ஏலத்தில் 17 லட்சம் பவுண்டுக்குப் போனது. சந்தையும் மனம் மாறியது.

ஆனால் இப்போது இணையத்தில் சுற்றும் இன்னொரு கதையிலும் எனக்கு உடன்பாடில்லை. உண்மையான மேதை மார்கரெட்தான், மெக்கின்டாஷ் வெறும் பெயர்ப்பலகை என்ற கதை. ஆதாரமாக மெக்கின்டாஷ் 1927இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் காட்டுவார்கள். தன் கட்டடக்கலை வேலை அனைத்திலும் பாதி, ஏன் முக்கால் பங்கு உன்னுடையது என்று அதில் சொல்கிறார். இதை நானும் ஒரு காலத்தில் வகுப்புகளில் வெற்றிக்கொடிபோல ஆட்டியிருக்கிறேன். தென் பிரான்ஸில் தனியாக இருந்த ஒரு கணவர், சிகிச்சைக்காக லண்டன் போன மனைவிக்கு ஏங்கி எழுதிய கடிதம் அது. அதைக் கணக்குப் புத்தகமாகப் படிக்க முடியாது. ஹில் ஹவுஸின் படிக்கட்டை மார்கரெட் வரைந்தார் என்பதற்கு அதில் ஆதாரமில்லை. வரைந்திருந்தால்தான் மதிப்போம் என்று நாம் சொன்னால் தையலைக் கீழே வைத்த பழைய தராசையே நாமும் தூக்குகிறோம். அவர் செய்ததாகத் தெரிந்தவையே போதும். ஜெஸ்ஸோ பலகைகள், ஹில் ஹவுஸின் பூத்தையல், வரவேற்பறைக் கணப்புக்கு மேலே உறங்கும் இளவரசி. அந்த அறைகளிலிருந்து இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறு அறை.

முழுப் பாராட்டும் தேவையில்லை. மார்கரெட்டின் நீர்வண்ணங்கள் சிலவற்றில் இனிப்பு தூக்கல். தங்கை ஃபிரான்செஸ்தான் கசப்பைத் தொடத் துணிந்தவர். கடைசி ஆண்டுகளில் அவர் வரைந்த ஒரு படத்தின் தலைப்பு, வாழ்க்கையின் மணிகளை ஆண் செய்கிறான், கோக்க வேண்டியவள் பெண் என்ற பொருளில் வரும். மெக்நேரைத் திருமணம் செய்து, லிவர்பூலுக்குப் போய், பிள்ளை பெற்று, பணமில்லாமல் திரும்பி, கலைப்பள்ளியில் கற்பித்து, 1921இல் இறந்தார். அவர் இறந்த பிறகு கணவர் அவருடைய படைப்புகள் பலவற்றை அழித்துவிட்டார். ஃபிரான்செஸை மதிப்பிட வேண்டுமென்றால் அழிக்காமல் விட்டுப்போனதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மார்கரெட்டின் வேலையை யாரும் எரிக்கவில்லை. அது வேறு விதமாகக் குறைந்தது. 1909க்குப் பிறகு அவர் செய்தவை அருகிக்கொண்டே போகின்றன. கணவருக்கு வேலை வறண்டது, குடி கூடியது, வீடு மாறியது. வால்பர்ஸ்விக்கில் மாலை நேரங்களில் கடற்கரையில் தனியே நடந்த அந்நியரைப் போர்க்காலத்தில் ஊரார் ஒற்றன் என்று சந்தேகிக்க, தேடியபோது வியன்னாவிலிருந்து வந்த கடிதங்கள் சிக்கின. இதையெல்லாம் கூட இருந்து சமாளித்தவர் மார்கரெட். 1923இல் இருவரும் பிரான்ஸுக்குப் போனார்கள். போர்ட்-வாந்த்ர் துறைமுகத்திலும் சுற்றியுள்ள மலைகளிலும் நான்கு ஆண்டுகளில் மெக்கின்டாஷ் நாற்பது அளவில் நீர்வண்ண ஓவியங்கள் வரைந்தார். பாறையைக் கட்டடமாகப் பார்த்த அந்த ஓவியங்கள் அபாரமானவை. அதே நான்கு ஆண்டுகளில் மார்கரெட் செய்ததாக நம்மிடம் ஒரு படைப்பும் இல்லை.

இது தெரிந்த பிறகு வால்பர்ஸ்விக் பெட்டியை முன்போல என்னால் பார்க்க முடியவில்லை. எம்.எம்.எம். என்ற எழுத்துகளில் ஒரு கணவரின் அன்பு இருக்கிறது; மறைக்காமல் நன்றி சொல்லும் நேர்மை இருக்கிறது; அந்தக் காலத்து ஆண்களில் எத்தனை பேர் அதைச் செய்தார்கள்? கூடவே, ஓர் ஓவியர் ஓராண்டு காலம் இன்னோர் ஓவியரின் தாளில் உடனிருந்தவராக இருந்தார் என்ற தகவலும் இருக்கிறது. போர்ட்-வாந்த்ரிலிருந்து மெக்கின்டாஷ் எழுதிய கடிதங்கள் நூலாக வந்துவிட்டன. அவற்றில் வெயில், புகையிலை, சாப்பாடு, அன்றைக்கு வரைந்த பாறை, நீ இல்லாமல் வெறிச்சோடிய மேசை எல்லாம் உண்டு. நூலில் இருப்பவை அவர் எழுதியவை மட்டும்.

மெக்கின்டாஷ் 1928இல் புற்றுநோயால் இறந்தார். மார்கரெட் 1933இல். இருவரும் விட்டுப்போன பட்டறைப் பொருள்களுக்கு அப்போது போட்ட மதிப்பு 88 பவுண்ட் 16 ஷில்லிங் 2 பென்ஸ்.

அந்தக் கணக்கில் வராத ஒன்று வியன்னாவில் இருந்தது. ஃபிரிட்ஸ் வெர்ன்டார்ஃபர் என்ற செல்வந்தரின் இசையறைக்காக 1906 வாக்கில் மார்கரெட் செய்த 'ஏழு இளவரசிகள்', மேட்டர்லிங்கின் நாடகத்தை வைத்துச் செய்த மூன்று ஜெஸ்ஸோ பலகைகள், சேர்த்தால் ஆறு மீட்டர் அளவில் நீளம். அவர் செய்தவற்றிலேயே பெரியது. வீடு கைமாறியது, பலகைகளைக் காணவில்லை, தொலைந்துபோயிற்று என்று எல்லோரும் எழுதிவைத்தார்கள். 1990இல் வியன்னா பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தின் நிலவறையில், பலகை அடித்து மூடிய நிலையில் அவை கிடைத்தன. இப்போது அதே கட்டடத்தில், மேலே, பார்வையாளர்கள் போகும் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.